பதினோரு முறை செத்த மார்லிஸ்

மார்லிஸ் ஹாகன் பத்து வயது முடிவதற்குள் பதினோரு முறை செத்திருக்கிறாள். நான் சும்மா அளக்கவில்லை. அதில் ஏழு சாவுக்கு உடுப்பு மாட்டிவிட்டதே நான்தான். காய்ச்சலில் நாலு தடவை, பாம்பு கடித்து ஒரு தடவை, கிணற்றில் விழுந்து ஒரு தடவை, பனியில் விறைத்து ஒரு தடவை. அந்தப் பனிச் சாவை ஆகஸ்ட் மாசத்தில் எடுத்தார்கள். சோப்புத் தூளைத் தரையெல்லாம் கொட்டி, பிள்ளைக்கு மூன்று கம்பளிச் சட்டை மாட்டி, உச்சி வெயிலில் படுக்கவைத்தார்கள். வெந்தே போனாள் பாவம். வண்டி கவிழ்ந்து செத்ததும் மீதி மூன்றும் எனக்குத் தெரியாது, அதெல்லாம் வேறு கம்பெனி.

அப்போதெல்லாம் எந்தச் சேனலைத் திருப்பினாலும் கௌபாய்த் தொடர்தான். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நாடே குதிரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எல்லாத் தொடரிலும் ஒரு கதாநாயகன், அவனுக்கு ஒரு தொப்பி. அந்தத் தொப்பியை அவன் சும்மா கழற்றமாட்டான். யாராவது சாக வேண்டும். பெரியவர்கள் செத்தால் லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடுவான். குழந்தை செத்தால்தான் கழற்றி மார்போடு சேர்த்துப் பிடிப்பான். அந்தக் குழந்தைதான் எங்கள் மார்லிஸ்.

நான் ஓபல் ஸ்டிரைக்கர். பர்பாங்க்கில் ஒரு படக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் காஸ்ட்யூமராக, அதாவது நடிக்கிறவர்களுக்கு உடுப்பு தைத்து மாட்டிவிடுகிறவளாக, இருந்தேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். வாயில் எந்நேரமும் குண்டூசி கவ்விக்கொண்டு வேலை பார்ப்பவளுக்கு, ஊசியை எடுத்த நேரத்திலாவது பேச வேண்டாமா?

மார்லிஸின் அப்பா கிளிஃபர்ட் மினசோட்டாக்காரர். பனி தள்ளித் தள்ளி முதுகு விட்டுப்போய், எங்கள் பக்கம் வேன் நைஸில் விமானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர். அம்மா இர்மா. இந்த மாதிரி அம்மாக்களை நான் கூடை கூடையாகப் பார்த்திருக்கிறேன், பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று கிள்ளுகிற ரகம். இர்மா அப்படி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் செட்டுக்கு வரும்போதெல்லாம் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வருவாள், லைட் பிடிக்கிறவர்கள் வரைக்கும் கொடுப்பாள். சினிமா அவள் தேடிப் போனது இல்லை. மார்லிஸுக்கு ஐந்து வயதில் ஒரு செருப்புக் கடையில், சிவப்பு ஷூ வாங்கித் தரவில்லை என்று பிள்ளை அழுதிருக்கிறாள். சத்தமே இல்லாமல், மூக்கு சிவக்காமல், கன்னத்தில் பொலபொலவென்று. அங்கே ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த, சினிமாவுக்குப் பிள்ளை சேர்த்துவிடுகிற ஒரு ஏஜென்ட் அம்மாள், ஒரு காலில் ஷூவோடு எழுந்து வந்துவிட்டாளாம்.

அந்த அழுகை இருக்கிறதே, நான் என் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததில்லை. டைரக்டர் சொல்லி முடிப்பதற்குள் கண் நிறையும். "எந்தக் கண்ணுல வேணும்?" என்று கேட்பாள் பிள்ளை. கேலிக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே கேட்பாள். கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தக் கண்ணில் விடுவாள். இர்மாதான் வீட்டில் பழக்கினாள். மூச்சை நிறுத்தி, இமைக்காமல், தொண்டைக்குள் ஏதோ செய்ய வேண்டுமாம். நானும் கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன், விக்கல்தான் வந்தது.

ஒரு வாரக் கதைக்கு மட்டும் விருந்தாளியாக வந்து சாகிற பிள்ளைக்குக் கம்பெனி ஒரே ஒரு கவுன்தான் தைக்கும். அது நனைந்தால் இஸ்திரி போட்டுக் காயவைக்கும் வரை அத்தனை பேரும் கொட்டாவி விட வேண்டும், திட்டு எனக்கு விழும். அதனால் முதல் படத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"இந்தா பாரு, நீ எத்தனை லிட்டர் வேணா அழுதுக்கோ. என் காலர்ல ஒரு சொட்டு விழுந்தா, நான் உன்னைத் துவைச்சுக் கொடியில போட்டுருவேன்."

"சரிங்க மிஸ் ஓபல்" என்றாள். அன்றிலிருந்து தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி அழுவாள், கண்ணீர் நேராக மடியில் விழும். படுத்துக்கொண்டு சாகிற காட்சி என்றால் தலையைத் திருப்பி முடிக்குள் விட்டுவிடுவாள். என் பட்டனைக்கூட இழுக்கமாட்டாள். உயிர் போகிற மாதிரி துடிப்பாள், விரல் மட்டும் துணி மேல் பூ மாதிரி இருக்கும்.

வீட்டில் அவளுக்கு இந்தத் திறமையால் ஒரு லாபமும் இல்லை. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி உள்ளே போனால் இர்மா அடுப்பைப் பார்த்தபடியே, "ரொம்ப நல்லா இருக்குடி, போய் முகத்தைக் கழுவு" என்பாளாம். கிளிஃபர்ட் வேறு மாதிரி. பெண் சாகிற படம் டிவியில் வந்தால் அவர் எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். அந்தத் தெருவிலேயே அவர்கள் வீட்டுப் புல்தான் பச்சை.

இப்போது அந்த வயிற்றுவலிக் கூத்தைச் சொல்ல வேண்டும். ஷூட்டிங்கில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும், அது சட்டம். அதற்கு ஒரு டீச்சர் கூடவே இருப்பார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று அவர் கை தூக்கினால் டைரக்டரே வாயை மூடிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு மிஸஸ் ஹாலோவெல். ஒரு நாள் அவர் நீண்ட வகுத்தல் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினதும், மார்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். உதடு வெளுத்துவிட்டது. மிஸஸ் ஹாலோவெல் பதறிப்போய்க் கையைத் தூக்கிவிட்டார். ஷூட்டிங் நின்றது. டாக்டர் வந்தார். அரை நாள் போச்சு. கடைசியில் டாக்டர் பையை மூடுகிற நேரத்தில் சாப்பாட்டு வண்டியில் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரம் வந்தது. அம்மணி எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ரெண்டு துண்டு" என்றாள்.

நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. மிஸஸ் ஹாலோவெல் சிரிக்கவில்லை. தயாரிப்பு ஆபீஸில் அவரைக் கூப்பிட்டு என்ன சொன்னார்களோ, திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. இர்மா ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். "இனி வயிறுன்னு வாயைத் திறந்தா பாரு" என்று பெண்ணுக்கு எச்சரிக்கையும் கொடுத்தாள். மார்லிஸுக்கு அப்போது ஒன்பது வயது.

அதற்கு இரண்டு மாசம் கழித்து, செப்டம்பரில், சாட்ஸ்வர்த் பாறைகளுக்கு நடுவே மறுபடி ஷூட்டிங். மார்லிஸின் பன்னிரண்டாவது சாவு. மூடு வண்டிக்குள் காய்ச்சலில் கிடந்து, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே கண்ணை மூட வேண்டும். டைரக்டர் வென்டல் கிராஸ், நல்ல மனிதர்தான், ஆனால் கேமரா ஓட ஆரம்பித்தால் பெற்ற தாய் வந்து நின்றாலும் யாரென்று கேட்பார்.

எங்கள் தொழிலில் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, ஒரு பிள்ளை அழுகிற காட்சி இருந்தால் காலையிலிருந்து அவளிடம் யாரும் அதிகம் பேசக்கூடாது, மனசு கலைந்துவிடும். இரண்டாவது, நடிக்கிறவருக்குத் தலைவலி, கால்வலி, வீட்டில் சண்டை, எது வந்தாலும் "அதை அப்படியே வெச்சுக்கோ, சீனுக்கு உதவும்" என்போம். இது வாழ்த்து மாதிரி. காலை வணக்கம் சொல்வதைப்போல் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

அன்றைக்கு மார்லிஸ் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு வயிறு வலிக்குது" என்றாளாம். மேக்கப்காரர் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் தீட்டிக்கொண்டே, "பலே, அதை அப்படியே வெச்சுக்கோ" என்றாராம். மிஸஸ் ஹாலோவெல்லிடம் சொல்லியிருக்கிறாள். அவர் புத்தகத்தைத் திறந்து, "பக்கம் நாற்பத்தொன்று" என்றாராம். இர்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இர்மா ஒரு பார்வை பார்த்தாளாம், அவ்வளவுதான்.

நாலாவதாக என்னிடம் வந்தாள். கவுன் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசி.

"மிஸ் ஓபல், வயிறு வலிக்குது. நிஜமா."

"நல்லது கண்ணு. பத்திரமா வெச்சுக்கோ, மதியம் தேவைப்படும்" என்றேன் நான்.

ஆமாம், நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது. அந்தப் பிள்ளை அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடம் போய்ச் சொல்வாள்? நாலு பேரிடம் சொல்லியாயிற்று.

மதியம் இரண்டு மணிக்கு டேக். வண்டியின் துணிக்கூரையை ஒரு பக்கம் கழற்றி, கேமராவை உள்ளே நீட்டி வைத்திருந்தார்கள். இர்மா கேமராவுக்குப் பக்கத்தில். நான் அவளுக்குப் பின்னால், கையில் துணித்தூரிகையோடு. "ஆக்‌ஷன்" என்றார் வென்டல்.

மார்லிஸ் முனகினாள். ஆரம்பத்தில் நானும் மற்றவர்கள் மாதிரி ரசித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு வலது காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒத்திகையில் அப்படிச் செய்யவில்லை. வென்டல் கேமராமேனைப் பார்த்து, 'விடாதே, ஓட்டு' என்று விரலைச் சுழற்றினார். இர்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், பெருமையில் கண் கலங்கி. மிஸஸ் ஹாலோவெல்கூடக் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "அம்மா... அம்மா..." என்று பிள்ளை கூப்பிடுகிறாள். வசனமும் அதுதான்!

அப்போது நான் காலரைப் பார்த்தேன். நனைந்திருந்தது. தொண்டையிலிருந்து மார்பு வரை கண்ணீரும் மூக்குநீரும் ஒழுகி, கவுன் ஊறிப்போயிருந்தது. அவள் தலையைத் திருப்பவே இல்லை. மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையாலும் கவுனைப் பற்றி ஒரு இழு இழுத்தாள். மூன்று பட்டன் தெறித்து வண்டிப் பலகையில் உருண்டது.

மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளை என் பட்டன் ஒன்றைப் பிய்த்தது கிடையாது. 

"இர்மா, இது நடிப்பு இல்ல" என்றேன் அவள் காதில்.

"உஷ்! எனக்குத் தெரியாதா என் பொண்ணைப் பத்தி?" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

கேமரா ஓடும்போது அதன் முன்னால் யாரும் போகக்கூடாது. செட்டே தீப்பிடித்தாலும் டைரக்டர் 'கட்' சொல்லும் வரை அசையக்கூடாது என்று எங்களுக்குப் பாடம். தெரியாமல் ஒரு தும்மல் போட்டு வேலை போனவனை எனக்குத் தெரியும். நான் காஸ்ட்யூமர். டீச்சர் இல்லை, டாக்டர் இல்லை, அம்மாவும் இல்லை. கை தூக்க எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. தவறாகப் போனால் நாளையிலிருந்து எந்தக் கம்பெனியும் என்னை வாசலில்கூட நிற்கவிடாது. இதெல்லாம் அந்த ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது. கால் அதற்குள் நடந்துவிட்டிருந்தது.

வண்டிக்குள் ஏறி, கேமராவுக்கு என் முதுகைக் காட்டி, பிள்ளை பக்கத்தில் மண்டிபோட்டேன்.

"கட்! கட்! ஓபல்! உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? வாழ்க்கையில ஒரு தடவை கிடைக்கிற ஷாட் அது! இறங்கு கீழே!"

"வாயை மூடுய்யா!" என்றேன். பதினாலு வருஷமாக மிஸ்டர் கிராஸ் என்று கூப்பிட்ட ஆளை.

வயிற்றில் கை வைத்தேன். துணி துவைக்கிற பலகை மாதிரி இருந்தது. தொட்டதும் பிள்ளை அலறினாள் பாருங்கள், தூரத்தில் கட்டியிருந்த குதிரைகள் எல்லாம் தலையைத் தூக்கின. உடம்பு கொதித்தது.

"நடிக்கல மிஸ் ஓபல்" என்றாள். "சத்தியமா நடிக்கல."

"தெரியும் கண்ணு, தெரியும்."

மிஸஸ் ஹாலோவெல் பக்கத்தில் வந்து, "போன தடவையும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மார்லிஸின் முகத்தில் பூசியிருந்த வெளுப்பையும் கருவளையத்தையும் நான் கட்டியிருந்த ஏப்ரனால் அழுத்தித் துடைத்தேன். நோயாளி மாதிரி தீட்டிய அந்தச் சாயம் வழித்துக்கொண்டு வந்தது. அடியிலும் அதே வெளுப்பு, அதே வளையம். இன்னும் மோசமாக.

"இதைப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். மிஸஸ் ஹாலோவெல் பார்த்தார். பாவம், அந்த அம்மாள் உடனே கையைத் தூக்கினார். மேலே, நேராக. அதற்குள் எல்லோரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

குதிரை பார்க்கிற எல்மோவிடம் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் கார் இருந்தது. பின்னால் வைக்கோல், சேணம், என்னென்னவோ. அத்தனையும் வெளியே வீசிவிட்டுப் பிள்ளையைக் கிடத்தினோம். இர்மா ஏறினாள், நானும் ஏறினேன். எல்மோ வண்டியை ஓட்டினானா பறக்கவிட்டானா தெரியாது. வழி நெடுக இர்மா மகளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை, "காலைலயே சொன்னா ஓபல். எங்கிட்ட சொன்னா" என்றாள்.

"எங்கிட்டயும்தான்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நுழைந்தால் அங்கே ஒரு இளம் நர்ஸ், ஆளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அய்யோ, நீதானே அன்னிக்குக் கிணத்துல விழுந்து செத்த பொண்ணு! இங்கே ஷூட்டிங்கா?" என்றாள். நூறு வருஷத்துக்கு முந்தின கவுனோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தலையில் வைக்கோலோடு நாங்கள் மூன்று பேர் நின்றால் அவள்தான் என்ன செய்வாள்?

"கேமரா எங்கேயும் இல்லம்மா! டாக்டரைக் கூப்பிடு!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள்.

குடல்வால், அதுதான் அப்பெண்டிக்ஸ், வீங்கிவிட்டதாம். உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் என் எதிரிக்கும் கொடுக்கமாட்டேன். கிளிஃபர்ட் தொழிற்சாலை உடுப்போடு, மார்பில் அடையாள அட்டை தொங்க ஓடி வந்தார்.  நேராகச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். டிவியில் பெண் செத்தால் தோட்டத்துக்குப் போகிற மனுஷன், இங்கே போக இடமில்லாமல் நின்றார்.

கடைசியில் டாக்டர் வந்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டே. அவர் கை தொப்பிக்குப் போனதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. ஏழு படத்தில் பார்த்தாயிற்றே!

"நல்லா இருக்கா. வெடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தாச்சு" என்றார் அவர், நெற்றி வேர்வையைத் துடைத்தபடி.

கிளிஃபர்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது. எல்மோ சிரித்தான், நான் சிரித்தேன், பிறகு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அப்பாடா என்றிருந்தது. அந்தச் சாயங்கால வெயில் முகத்தில் விழுந்தபோது, வேலை போனால் போகட்டும், எங்கேயாவது திரைச்சீலை தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வேலை போகவில்லை. மறுநாள் வென்டல் கிராஸ் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மைக் கரடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தூங்கின முகமாகவே தெரியவில்லை. என்னை நடைவழியில் ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்த ஷாட்டை வெச்சுக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க ஓபல். இப்படி ஒரு நடிப்பு யாருக்குக் கிடைக்கும்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பிலிம் டப்பாவைத் திறந்து வெயில்ல காட்டி அழிச்சுட்டேன். கைதவறிப்போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்." கரடியின் காதைத் திருகிக்கொண்டே நின்றார். "நான்தான் ஓட்டு ஓட்டுன்னு சொன்னேன், பாத்தியா?"

"பார்த்தேன் மிஸ்டர் கிராஸ். நாங்க எல்லாருமேதான் அங்க நின்னோம்."

சாவுக் காட்சி இல்லாமல் போனதால் கதையை மாற்ற வேண்டியதாயிற்று. வேறொரு பிள்ளைக்குத் தொப்பி போட்டு முதுகைக் காட்டி உட்காரவைத்து, கதாநாயகன் "காய்ச்சல் இறங்கிடுச்சு" என்று சொல்கிற மாதிரி எடுத்தார்கள். மார்லிஸ் பிழைத்த ஒரே படம் அதுதான். கிளிஃபர்ட் டிவி முன் உட்கார்ந்து முழுசாகப் பார்த்த ஒரே படமும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், நான் துவைத்து இஸ்திரி போட்ட நைட்டியோடு போயிருந்தேன். மார்லிஸ் ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இர்மா கட்டில் ஓரத்தில். ஸ்பூனை வாயில் வைத்தபடி பிள்ளை சாதாரணமாகக் கேட்டாள்:

"அம்மா, இனிமே நான் நிஜமா அழுதா உனக்கு எப்படித் தெரியும்?"

கோபம் இல்லை, குறையும் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள். இர்மா எழுந்து நடைவழிக்குப் போனாள். அங்கே சுவரில் போன் இருந்தது. கதவு திறந்திருந்ததால் அவள் ஏஜென்ட் அம்மாளிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"இல்லைங்க, தள்ளி வைக்கல. நிறுத்தியாச்சு... ஆமா, அடுத்து ஒத்துக்கிட்ட அந்தச் சினிமாவும்தான். பெரிய வேஷம்னு தெரியும்... இல்ல, நாளைக்கு மனசு மாறாது. நீங்க நல்லா இருங்க."

திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பெரிய மூட்டையை இறக்கிவைத்தவள் முகம். ஆனால் பிள்ளை கேட்ட கேள்விக்கு அவளிடம் இன்னும் பதில் இல்லை. அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. மார்லிஸுக்கும் தெரிந்திருக்கும், அவள் ஜெல்லியை முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்லிஸ் அதற்குப் பிறகு நடிக்கவே இல்லை. ரிசீடாவில் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து பிள்ளைகளில் ஒருத்தியாகப் படித்தாள். கணக்கில் கடைசி வரை மோசம். இப்போது முப்பத்தெட்டு வயது. தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. டைல்ஸ் ஒட்டுகிற ஒருத்தனைக் கட்டிக்கொண்டு இரண்டு பெண்கள். எப்போதாவது மத்தியானத்தில் பழைய தொடரைப் போடுகிறார்கள், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறபோது தான் பனியில் விறைத்துச் சாவதைப் பார்த்துக்கொண்டே சாண்ட்விச் சாப்பிடுகிறாளாம். "நல்லாத்தான் செஞ்சிருக்கேன் மிஸ் ஓபல்" என்பாள். சினிமாவை விட்டதற்கு வருத்தமா என்று கேட்டால், "எதுக்கு? நாய் நம்மளத் துரத்துற வேலைன்னாலும் யாரும் திரும்ப ஒரு தடவை ஓடுன்னு சொல்ல மாட்டாங்க" என்று சிரிப்பாள்.

நான் சொல்ல வந்தது அதில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கு அடுத்த வசந்தத்தில் நடந்தது. அந்த ஆறேழு மாசமும் இர்மா என்னிடம் வந்து வந்து புலம்புவாள். பிள்ளை அழுவதே இல்லை என்பாள். விழுந்தாலும் அழுவதில்லை, பல்லைப் பிடுங்கினபோதும் அழவில்லை, வலித்தால் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள், எங்கே வலிக்கிறது என்றால் "ஒண்ணுமில்லை" என்கிறாள். "நல்லா இருக்காளா இல்லையான்னே எனக்குத் தெரியல ஓபல். மறுபடி ஏதாவது வந்தா எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று கேட்டுவிட்டுக் கையைப் பிசைவாள். நான் என்ன பதில் சொல்ல? "சரியாப் போயிடும்" என்பேன், அதை நானே நம்பாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். இர்மா முழங்கை வரை மாவோடு ரொட்டி பிசைந்துகொண்டிருந்தாள். தோட்டத்தில் எலுமிச்சை மரத்தடியில் மார்லிஸ். திடீரென்று அழுகைச் சத்தம்.

நான் காதைத் தீட்டிக் கேட்டேன். நான் எத்தனை டேக் கேட்டவள்! இரண்டு விம்மல், ஒரு இடைவெளி, பிறகு "அம்மா..." என்று குரல் உடைகிற இடம். சுத்தமான நடிப்பு. 'திருட்டுக் கழுதை, வேலையைக் காட்டுது' என்று சொல்வதற்காக இர்மா பக்கம் திரும்பினேன். இர்மா அங்கே இல்லை.

மாவுக் கையோடு பின்கதவை இடித்துத் திறந்துகொண்டு ஓடியிருந்தாள். அவசரத்தில் படியைத் தவறவிட்டுக் குப்புற விழுந்தாள். எழுந்தாள். ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் கணுக்கால் வரை இறங்கியது, அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மரத்தடியில் போய் விழுந்து பிள்ளையைப் பிடித்தாள். வயிறு, நெற்றி, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தாள். "எங்கடி? எங்க வலிக்குது? சொல்லு கண்ணு."

மார்லிஸ் அம்மாவின் முழங்காலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா... நான் சும்மா நடிச்சேன்."

நான் வாசலில் நின்றபடி, போச்சு, இன்றைக்கு அறை விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை.

"தெரியும்" என்றாள் இர்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏம்மா ஓடி வந்த?"

"நீ கூப்பிட்டியேடி" என்றாள் இர்மா.